மருந்துச் சங்கிலிகளும் நிறமாலையும்: ஹெப்பாரின் தந்த பாடம்

நூற்றாண்டு விரிவுரைத் தொடரில் விஞ்ஞானப் பிரிவின் பழைய மாணவிகள் இருவர் சேர்ந்து நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.



பேச வரச்சொல்லிக் கேட்டபோது செயற்குழு ஒரேயொரு நிபந்தனை வைத்தது: விஞ்ஞானம் படிக்காதவர்களுக்கும் விளங்க வேண்டும். ஆகவே ஆய்வுகூடத்தை விட்டுவிட்டு உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் மருந்துப் பெட்டியிலிருந்து தொடங்குகிறோம்.

பல்பகுதியம் என்றதும் பிளாஸ்ரிக் கதிரையும் பொலித்தீன் பையும்தான் நினைவுக்கு வரும். ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகள் கைகோத்து நீளமான சங்கிலியானால் அது பல்பகுதியம், அவ்வளவுதான். காலையில் நீங்கள் விழுங்கிய குளிசையிலும் அது இருந்திருக்கும். மருந்துத் தூளைச் சேர்த்துப் பிடிப்பது ஒன்று, குளிசையின் மேற்பூச்சாக இருப்பது ஒன்று, இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போன பிறகே கரைய வைப்பது இன்னொன்று. சில வேளைகளில் மருந்தே ஒரு பல்பகுதியமாக இருக்கும். இன்று நாங்கள் சொல்ல வந்த கதை அப்படியான ஒரு மருந்தைப் பற்றியது. அதற்கு முன் ஒரு சின்ன விடயம்.

விரத நாட்களில் மருந்தகத்துக்கு வரும் அம்மம்மாமார் கப்சியூலைக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளை, இந்தக் கூடு எதிலே செய்தது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு வகைக் கூடு ஜெலற்றினில் செய்யப்படுகிறது; அது மாடு, பன்றி ஆகியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. இன்னொரு வகை தாவரத்தின் செலுலோசைச் சற்று மாற்றிச் செய்வது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் செங்கீழ்க் கதிரை அவற்றின்மேல் விட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் வேறுபாடு தெரிந்துவிடும். மூலக்கூறில் அணுக்களைப் பிணைக்கும் பிணைப்புகள் சுருள்வில் போல அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு பிணைப்பும் தன் அதிர்வுக்குப் பொருந்தும் கதிரை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும்; மற்றதை விட்டுவிடும். ஜெலற்றின் ஒரு புரதம். புரதத்துக்கே உரிய ஏமைட்டுப் பிணைப்பு, சென்ரிமீற்றருக்கு 1650 அலை, 1550 அலை என்னும் இரண்டு இடங்களை அண்டிச் சோடியாக இரண்டு பள்ளங்களைக் காட்டும். செலுலோசுக் கூட்டில் அந்தச் சோடி இராது. 1050 ஐ அண்டி அகலமான ஒரு பெரும் பள்ளமே தெரியும். உள்ளே போன கதிரில் எது திரும்பி வரவில்லை என்று பார்த்து, உள்ளே இருப்பது என்ன என்று அறிவதே நிறமாலையியல். உயர்தரப் பாடநூலில் திருசியம் என்று படித்தவர்கள் அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் நாங்கள் செய்த சுவாலைச் சோதனையும் இதன் ஒன்றுவிட்ட சகோதரிதான். சோடியத்துக்கு மஞ்சள், செம்புக்குப் பச்சை. அன்று நாங்கள் செய்த மற்றச் சோதனைகளையும் நினைத்துப் பாருங்கள். நைத்திரேற்றுக்குக் கபில வளையம். சல்பேற்றுக்குப் பேரியங் குளோரைட்டை ஊற்றினால் வெள்ளை வீழ்படிவு. வீழ்படிவு வந்ததும் "சல்பேற்று உண்டு" என்று எழுதிவிட்டு அடுத்த குழாயைக் கையில் எடுப்போம். இந்தப் பேரியங் குளோரைட்டை மனதில் வைத்திருங்கள். பிறகு அதற்குத் திரும்பி வருவோம்.

இனி ஹெப்பாரின்.

குருதி உறையாமல் காக்கும் ஊசிமருந்து இது. 1916 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்த ஜே மக்லீன், குருதியை உறையச் செய்யும் பொருளைத் தேடப்போய், உறையவிடாத பொருளைக் கண்டார். அவருடைய பேராசிரியர் வில்லியம் ஹவல் அந்த வேலையைத் தொடர்ந்து 1918 இல் அதற்கு ஹெப்பாரின் என்று பெயரிட்டார். ஈரலிலிருந்து கிடைத்ததால் ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வைத்த பெயர் அது. இன்று அது பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. கப்சியூல் கூட்டைக் கேட்ட அம்மம்மா இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ தெரியாது. ஆனால் சிறுநீரகம் செயலிழந்து டயலிசிஸ் இயந்திரத்தோடு இணைக்கப்படுபவருக்கும் இருதய சத்திரசிகிச்சைக்குப் போகிறவருக்கும் இது தேவை. வடமத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களைத் தின்றிருக்கிறது என்பதை அறிந்த நாட்டில், டயலிசிஸ் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

ஹெப்பாரின் மூலக்கூறு ஒரு சங்கிலி. கோயிலுக்குக் கட்டும் மாலையில் ஒரு மல்லிகை, ஒரு செவ்வந்தி என்று மாறி மாறித் தொடுப்பது போல, இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று யூரோனிக் அமிலம், மற்றது குளுக்கோசமைன். இவற்றின்மேல் ஆங்காங்கே சல்பேற்றுக் கூட்டங்கள் தொங்கும். எங்கே தொங்கும், எத்தனை தொங்கும் என்பது சங்கிலிக்குச் சங்கிலி மாறும். நீளமும் மாறும். ஒரு போத்தலில் உள்ள சங்கிலிகள் எல்லாவற்றையும் எடுத்து ஒப்பிட முடிந்தால், அச்சில் வார்த்தது போன்ற ஒற்றுமையை அங்கே காணமுடியாது. பரசிற்றமோலுக்கு ஒரு சூத்திரம் எழுதி முடித்துவிடலாம். ஹெப்பாரினுக்கு அப்படி எழுத முடியாது. அதன் வேலையைச் செய்வது ஐந்து சர்க்கரைகள் குறித்த ஒழுங்கில் அமைந்த ஒரு சிறு துண்டு. அந்தத் துண்டும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு சங்கிலிகளில்தான் இருக்கிறது.

இப்படியான ஒரு கலவையை எப்படித் தரம் பார்ப்பது? அக்காலத்தில் செய்தது இதுதான்: செம்மறியாட்டுக் குருதியின் திரவவிழையத்தில் மருந்தைச் சேர்த்து, உறைவதை அது எவ்வளவுக்குத் தடுக்கிறது என்று அளந்தார்கள். மருந்தின் அளவையும் மில்லிகிராமில் அல்லாமல், அந்தத் தடுப்பு வலுவைக் குறிக்கும் அலகில் எழுதினார்கள். வேறு சோதனைகளும் இருந்தன. ஆனால் நடுநாயகமாக இருந்தது 'வேலை செய்கிறதா' என்ற கேள்விதான்.

2007 ஆம் ஆண்டின் இறுதி. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், சென் லூயிஸ் நகரத்துச் சிறுவர் வைத்தியசாலை ஒன்றில் டயலிசிஸ் செய்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு, சிகிச்சை தொடங்கிய சில நிமிடங்களில் கண்ணிமை வீங்கியது, நாடித்துடிப்பு கூடியது, குருதியமுக்கம் விழுந்தது. முதலில் இயந்திரத்தின் குழாய்களில் சந்தேகம் வந்தது. மாற்றிப் பார்த்தார்கள். சிறிது காலம் அமைதி. 2008 தை மாதத்தில் மறுபடியும் அதே குறிகள். வைத்தியசாலை உடனே சுகாதார அதிகாரிகளுக்கு அறிவித்தது. விசாரித்தபோது வேறிடங்களிலும் இப்படி நடந்திருப்பது வெளிவந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது ஹெப்பாரின். இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். இந்தக் கதையில் கோடிக்கணக்கான பெறுமதியுள்ள கருவிகள் வரப்போகின்றன. ஆனால் முதலில் கண்டுபிடித்தவர்கள் கட்டிலருகே நின்று பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள்.

சந்தேகத்துக்குரிய மருந்து திரும்பப் பெறப்பட்டது. சோதித்துப் பார்த்தால், அது வழமையான சோதனைகளில் சித்தியடைந்த மருந்து! செம்மறியாட்டுச் சோதனையிலும் குறை இல்லை. அமெரிக்காவில் மட்டும் 80 க்கு மேற்பட்ட மரணங்கள் இதனோடு தொடர்புபடுத்தி அறிவிக்கப்பட்டன. ஏற்கனவே கடும் நோயாளராக இருந்தவர்கள் என்பதால், ஒவ்வொரு மரணத்துக்கும் இந்த மருந்துதான் காரணமென்று அறுதியிட முடியாது. இருந்தாலும் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இல்லாமல் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இங்கேதான் கருக் காந்தப் பரிவு நிறமாலை வருகிறது. பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம். வைத்தியசாலையில் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்தவர்கள் இதற்குள் படுத்து எழும்பியவர்கள்தான்; தத்துவம் ஒன்றே. ஐதரசன் அணுவின் கரு ஒரு மிகச்சிறிய காந்தம். அதைப் பெரிய காந்தமொன்றுக்குள் வைத்தால், தனக்கென்று ஒரு மீடிறனில் அது சுழன்றாடும். சித்திரை வருடப்பிறப்புக்கு மாமரத்தில் ஊஞ்சல் கட்டி ஆடியதை நினையுங்கள். ஊஞ்சலின் போக்குக்கு ஒத்துத் தள்ளினால்தான் உயரப் போகும். ஒத்துத் தள்ளாவிட்டால் தள்ளுகிறவளின் கைதான் நோகும். அதுபோல, கருவின் மீடிறனுக்குப் பொருந்தும் வானொலி அலையை மட்டும் அது ஏற்கும். எல்லா ஐதரசனும் ஒரே மீடிறனில் ஆடினால் பயனில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்து அது சிறிது மாறுகிறது. ஒட்சிசன் அருகில் இருந்தால் ஓரிடம், காபன் அருகில் இருந்தால் வேறோரிடம். அயல் வீட்டுக்காரரைக் கேட்டு ஆளை அடையாளம் காண்பது எங்கள் ஊர்களில் புதிய முறையல்ல.

அந்த மாற்றம் மிகச் சிறியது என்பதால் மில்லியனில் எத்தனை பங்கு என்று எழுதுவார்கள். ஹெப்பாரினில் சில சர்க்கரைகளின் நைதரசனில் அசற்றைல் கூட்டம் ஒன்று இருக்கும். அதன் மூன்று ஐதரசன்களும் சேர்ந்து 2.04 என்ற இடத்தில் ஒரு முடியைக் காட்டும். டேர்மற்றான் சல்பேற்று என்ற இன்னொரு சங்கிலி சிறிதளவு கூடவே வருவதுண்டு. பன்றிக் குடலில் இயற்கையாகவே உள்ளது அது. அதன் முடி 2.08 இல். இவை இரண்டும் ஏற்கனவே அறிந்தவை. சந்தேகத்துக்குரிய மருந்தில் மூன்றாவதாக ஒன்று நின்றது, 2.16 இல்.

2.04 க்கும் 2.16 க்கும் இடையில் 0.12. 500 மெகாஹேர்ட்சுக் கருவியில் இது 60 ஹேர்ட்சு. அதாவது செக்கனுக்கு 50 கோடி முறை ஆடும் ஊஞ்சல்களில் ஒன்று மற்றதைவிட 60 முறை கூடுதலாக ஆடுகிறது என்ற வித்தியாசம். அதை வைத்துத்தான் கள்ளனைப் பிடித்தார்கள்.

முடியைக் கண்டதும் வேலை முடிந்துவிடவில்லை. அந்த முடிக்கு உரியவர் யார்? அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தோடு மசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் இராம் சசிசேகரன், ரென்சலேர் நிறுவகத்தின் றொபேட் லின்ஹாட், இத்தாலியில் மிலான் நகரத்து ரொன்சோனி நிறுவகத்தின் மார்க்கோ குவெரினி, பெனிற்றோ காசு, ஜியான்ஜியாக்கமோ தொரி முதலியோர் சேர்ந்து உழைத்தார்கள். ஐதரசனை மட்டுமன்றிக் காபனையும் பார்த்தார்கள். எந்த ஐதரசன் எந்தக் காபனோடு, எந்தச் சர்க்கரை எந்தச் சர்க்கரையோடு என்று இரட்டைப் பரிமாண நிறமாலையில் ஒவ்வொரு கண்ணியாகத் தடவிச் சென்றார்கள். கிடைத்த விடை: மிகைச் சல்பேற்றேற்றிய கொன்ட்ரொயிற்றின் சல்பேற்று.

கொன்ட்ரொயிற்றினை உங்களில் சிலர் அறிவீர்கள். முழங்கால் வலிக்கு விற்கும் குளிசைப் போத்தலில், குளுக்கோசமைனுக்குப் பக்கத்தில் அதன் பெயர் இருக்கும். விலங்கின் குருத்தெலும்பிலிருந்து எடுப்பது. ஹெப்பாரினோடு பார்க்கையில் மலிவானது. அதுவும் சர்க்கரைச் சங்கிலிதான். ஆனால் குளுக்கோசமைன் இருக்கவேண்டிய இடத்தில் கலக்ரோசமைன் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் என்ன வேறுபாடு தெரியுமா, தங்கைமாரே? நான்காவது காபனில் உள்ள ஐதரொட்சில் கூட்டம் ஒன்றில் ஒரு பக்கம் பார்க்கும், மற்றதில் மறுபக்கம் பார்க்கும். அவ்வளவே. அந்தச் சங்கிலியில் பிடிக்கக்கூடிய இடமெல்லாம் செயற்கையாகச் சல்பேற்றை ஏற்றியிருந்தார்கள். சோடிச் சர்க்கரைக்கு நான்கு வீதம். இயற்கையில் அப்படியொன்று இல்லை. ஆகவே அது தற்செயலாக விழுந்த அழுக்காக இருக்க முடியாது. யாரோ இரசாயனம் தெரிந்தவர் செய்த வேலை. ஆய்வாளர் தாங்களே அந்தப் பொருளைத் தொகுத்து, அதன் நிறமாலையை மருந்தின் நிறமாலைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு உறுதிசெய்தார்கள்.

இப்போது பேரியங் குளோரைட்டுக்கு வருவோம். ஹெப்பாரினிலும் சல்பேற்று உண்டு, கலப்பிலும் உண்டு. இரண்டையும் அமிலத்தில் உடைத்து எங்கள் பழைய சோதனையைச் செய்தால் இரண்டிலும் அழகான வெள்ளை வீழ்படிவு வரும். "உண்டு" என்பதற்கு மேலே அந்தச் சோதனைக்குச் சொல்லத் தெரியாது. செம்மறியாட்டுச் சோதனையும் அப்படித்தான். சல்பேற்று ஏற்றப்பட்ட அந்தச் சங்கிலி கடும் மறையேற்றம் கொண்டது; குருதி உறைவதை ஓரளவு அதுவும் தடுக்கும். சோதனையில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொண்டு விடை தயாரித்து வந்த மாணவி அது. பாடம் தெரியுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

உடம்பு கேட்டது. அந்த மறையேற்றம் குருதியில் உள்ள தொடுகைத் தொகுதி என்ற நொதியச் சங்கிலியைத் தட்டி எழுப்பியது. அதிலிருந்து பிராடிகைனின் பிறந்தது, குழாய்கள் விரிந்தன, குருதியமுக்கம் விழுந்தது. பன்றிகளில் இதைச் செய்து காட்டினார்கள். கட்டமைப்பு பற்றிய கட்டுரையும் இந்த விளைவு பற்றிய கட்டுரையும் 2008 ஏப்ரலில் ஒரே நேரத்தில் வெளிவந்தன. பிள்ளைகளின் கண்ணிமை வீங்கி ஆறு மாதங்கூட ஆகவில்லை. பல ஆண்டுகள் பிடிக்கும் கட்டமைப்புத் தேடல் வார நாட்களில் எண்ணப்பட்ட கதை இது.

ஏன் செய்தார்கள்? உலகத்துக்கு வேண்டிய மூல ஹெப்பாரினில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. அங்கே பல இடங்களில் அது சிறுசிறு பட்டறைகளில் பன்றிக் குடலிலிருந்து வழித்தெடுக்கப்பட்டு, தரகர் கைமாறிப் பெரிய ஆலைக்குப் போகும். 2006 முதல் நீலக்காது நோய் அந்த நாட்டுப் பன்றிகளை வாரிக்கொண்டு போக, குடல் அருமையானது, விலை ஏறியது. மலிவான ஒன்றைச் சேர்த்தால் நிறை கூடும். கலந்த கை யாருடையது என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. மருந்தின் மூலப்பொருள் வந்த ஆலையை அமெரிக்க அதிகாரிகள் முன்கூட்டியே பார்வையிட்டிருக்க வேண்டும். பெயர் ஒத்த வேறோர் ஆலையோடு பதிவேட்டில் குழப்பிக்கொண்டதால் போகவில்லை என்று பின்னர் ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய நாட்டிலும் பதிவேட்டில் ஆள் மாறித்தான் போகிறது.

இனி எங்களை உறுத்தும் பகுதி. அமெரிக்க நிர்வாகம் சோதனை முறையை மாசி, பங்குனி அளவில் உலகம் முழுவதும் பார்க்கும்படி வெளியிட்டது. 2.16 ஐப் பாருங்கள் என்று படத்தோடு காட்டியது. இது பாராட்ட வேண்டிய செயல். அதன்பின் கலப்பு 11 நாடுகளின் ஹெப்பாரினில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. அவுஸ்திரேலியா, கனடா, சீனா, டென்மார்க், பிரான்ஸ், ஜேர்மனி, இத்தாலி, யப்பான், நெதர்லாந்து, நியூசிலாந்து, அமெரிக்கா. இந்தப் பட்டியலை நாங்கள் பலமுறை வாசித்திருக்கிறோம். அது கலப்பு போய்ச் சேர்ந்த நாடுகளின் பட்டியல் என்பதைவிட, தேடிப் பார்க்கக் கருவியும் ஆளும் இருந்த நாடுகளின் பட்டியல் என்றே எங்களுக்குப் படுகிறது. மீக்கடத்தும் காந்தத்தைத் திரவ ஈலியத்தில் ஓயாமல் குளிர்வித்து வைத்திருக்க வசதியுள்ள நாடுகள் அவை. கப்பல் மற்றத் துறைமுகங்களுக்கும் போகத்தானே செய்யும்?

நாங்கள் மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிற நாடு. சேனக்க பிபிலே வழிகாட்டிய மருந்துக் கொள்கையால், 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைத்து மற்ற நாடுகளுக்கு முன்மாதிரியாக இருந்த நாடும் இதுதான். 2015 ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும் வந்தது. இருந்தும் 2023 இல் தரமற்ற ஊசிமருந்துகள் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகளில் வாசித்து எல்லோரும் கலங்கினோம். யார் கையொப்பமிட்டார், யார் பணம் பெற்றார் என்று பத்திரிகைகள் எழுதின, எழுதவேண்டியதுதான். ஆனால் போத்தலுக்குள் இருந்தது என்ன, அதை நோயாளருக்கு ஏற்றுவதற்கு முன் யார், எந்தக் கருவியால் பார்த்தார் என்ற கேள்வி எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. அந்தக் கேள்விக்கு ஒப்பந்தத் தாளில் விடை கிடைக்காது. நிறமாலையை வாசிக்கத் தெரிந்த ஒருவர் காலையில் வந்து கதிரையில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும்.

நிறமாலை மந்திரக்கோல் என்றும் நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்க மருந்து நியமநூல் 2008 இலேயே கருக் காந்தப் பரிவைக் கட்டாயமாக்கியது. 2009 இல் செம்மறியாட்டுச் சோதனையையும் மாற்றியது. நல்லது. ஆனால் 2.16 ஐ மட்டும் பார்க்கப் பழகியவர் அடுத்த கள்ளனைத் தவறவிடுவார். அவன் வேறோரிடத்தில் வந்து நிற்பான். தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பார்த்து, இங்கே இருக்கக்கூடாத ஒன்று இருக்கிறதே என்று சொல்லும் கண் வேண்டும். அந்தக் கண்ணை எங்களுக்குத் தந்தது இந்தக் கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடம். வீழ்படிவின் நிறத்தை "வெள்ளை" என்று எழுதினால், "எப்படியான வெள்ளை? திரும்பப் பார்" என்று கொப்பியைத் திருப்பித் தருகிற ரீச்சர் ஒருவர் எங்களுக்கு இருந்தார். அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

கடைசியாக ஓர் அறிவித்தல். தூய ஹெப்பாரினுடையதும் கலப்பு ஹெப்பாரினுடையதுமாக இரண்டு நிறமாலைப் படங்களைப் பெரிதாக்கி, மண்டபத்தின் பின்சுவரில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். எது எது என்று வேண்டுமென்றே எழுதவில்லை. தேநீர் எடுக்கப் போகும்போது பாருங்கள். கேள்வி இருப்பவர்கள் எங்களை அங்கேயே பிடிக்கலாம்.